மலைச்சரிவு வீட்டின் கீழ்த்தள அறைகளுக்குச் சீலிங் டைல் போடுவது பற்றி

டிக்கோயாவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு இலங்கை மலைநாட்டில் டிக்கோயாவுக்கு அருகே பாதையோரத்தில் உள்ளது. பாதை மட்டத்தில் மேல்வீடும், அதற்குக் கீழே சரிவை வெட்டி அமைத்த கீழ்த்தளமுமாகக் கட்டப்பட்டதால், கீழ்த்தளத்தின் பின்சுவர் முழுவதும் மண்ணோடு ஒட்டி நிற்கிறது. முன்பக்கம் மட்டுமே பள்ளத்தை நோக்கித் திறந்திருக்கிறது. இதுவரை விறகும் தட்டுமுட்டுச் சாமான்களும் அடைந்து கிடந்த இந்த இடத்தை ஒழித்து, பின்னறையில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தவும், முன்னறையில் வரும் உறவினர்களைத் தங்க வைக்கவும் எண்ணியிருக்கிறோம். இரண்டு அறைகளுக்கும் இடையே நான்கு அடி அகலமான ஒரு நடை இருக்கிறது.

தரையிலிருந்து சிலாப்பின் (மேலே உள்ள கொங்கிரீட் தளத்தின்) அடிப்பகுதி வரை உயரம் 8 அடி 4 அங்குலம். பின்னறை 14 அடி 2 அங்குல நீளமும் 11 அடி 4 அங்குல அகலமும் கொண்டது; அதில் பீம் எதுவும் இல்லை. முன்னறையின் நடுவே ஒரு பீம் 10 அங்குலம் கீழே இறங்குகிறது. மேல்வீட்டுக் குளியலறையின் கழிவுக் குழாய்கள் நடையின் மேலே சிலாப்பை ஒட்டிச் செல்கின்றன. அவற்றின் தாழ்ந்த இடம் சிலாப்பிலிருந்து ஏறக்குறைய 9 அங்குலம். முன்னறையின் ஒரு பகுதிக்கு மேலேதான் வாகனம் நிறுத்துகிறோம், மழைக்காலத்தில் அவ்விடத்தில் மட்டும் சிலாப்பின் அடியில் ஈரக்கறை தோன்றுகிறது.

வந்து பார்த்த பாஸ் (கட்டட வேலையாள்), பீமின் அடிமட்டத்துக்கு எல்லா இடத்தையும் இறக்கி, சட்டம் அடித்து, தட்டைச் சீட் (தட்டையான சீமெந்துத் தகடு) போட்டு முழுவதுமாக மூடிவிடலாம் என்கிறார். ஹார்ட்வெயார் கடையில் பி.வி.சி. பட்டிதான் நல்லது என்றார்கள். என் மச்சான், கந்தோர்களில் இருப்பதைப் போன்று, கம்பியால் தொங்கவிட்ட உலோகச் சட்டகத்தில் வைக்கும் ‘டூ பை டூ’ (இரண்டடிச் சதுர) டைலே ஏற்றது என்கிறார். எதைத் தெரிவு செய்வது? பின்னறைக்கு எத்தனை டைல் தேவைப்படும்? மேல்வீட்டிலிருந்து முன்பு கழற்றிய பழைய தட்டைச் சீட்டுகள் சில உள்ளன. அவற்றை அளவுக்கு வெட்டிப் பயன்படுத்தலாமா?

பண்டாரவளை சீலிங் வேலையாள் எழுதியது:

வணக்கம். உங்கள் மச்சானின் பக்கமே நானும் நிற்கிறேன். ஆனால் டைல் வாங்குவதற்கு முன்னால் அந்த ஈரக்கறையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மூடிவிட்ட பிறகு அது நின்றுவிட்டதா, பரவுகிறதா என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

சிலாப்பின் அடியில் தெரியும் ஈரம் இரண்டு வழிகளில் வரலாம். மேலேயிருந்து கொங்கிரீட்டின் ஊடாகக் கசிவது ஒன்று. அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த சிலாப்பில் பட்டு நீராகப் படிவது மற்றொன்று. எது என்று அறிய, இரண்டு அடிச் சதுரமான பொலித்தீன் தாளைக் கறையுள்ள இடத்தில் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டி, இரண்டு நாட்கள் விட்டுப் பாருங்கள். தாளின் அறைப்பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் அது காற்றின் ஈரம். தாளுக்கும் சிலாப்புக்கும் இடையில் ஈரம் இருந்தால் அது கொங்கிரீட்டின் வழியாக வருவது. இச்சோதனையைத் தகுந்த காலத்தில் செய்வது முக்கியம். உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழையை நேரே வாங்கும் பக்கம். நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்றான வட்டவளை உங்களுக்கு அதிகத் தொலைவில் இல்லை. எனவே ஜூன், ஜூலை மழையில் சோதித்தால்தான் உண்மை தெரியும், பெப்ரவரியில் காய்ந்திருக்கும் சிலாப் எதையும் நிரூபிக்காது. எங்கள் ஊவாப் பக்கம் இதற்கு நேர்மாறு. அந்த மாதங்களில் இங்கே வறண்ட காற்று வீசும், மழை ஒக்டோபருக்குப் பிறகே கனக்கும். ஆகவே இங்கிருந்து ஒரு பாஸை அழைத்து வந்தால், அவர் தன் ஊர் வழக்கப்படி காலத்தைக் கணித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாகனம் நிற்கும் சிலாப் என்பதால், கசிவாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். அப்படியானால் அடியில் நீர்காப்புப் பூச்சு அடிப்பதால் பயனில்லை. மேலிருந்து இறங்கும் நீர் அங்கே தடைப்பட்டு, சிலாப்புக்குள்ளேயே தேங்கி, வேறொரு இடத்தில் வெளியேறும், இடையில் உள்ளே இருக்கும் கம்பியும் துருப்பிடிக்கும். மேல் முகத்தில் வெடிப்புகளை அடைத்து, நீர் வடிய வாட்டம் கொடுத்து, நீர்காப்புச் செய்து, அதன் மேல் வாகனச் சக்கரத்தைத் தாங்கும் பூச்சு ஒன்றும் போட வேண்டும். செந்நிறக் கறையோடு கொங்கிரீட் செதில் செதிலாக விழுந்தால், அது சீலிங் வேலையாளின் எல்லையைத் தாண்டிய விடயம். பொறியியலாளர் ஒருவரைக் காட்டுங்கள். பின்சுவரில் மூலைவாட்டமாக வெடிப்பு ஓடி, அது மழைக்கு மழை அகலமாகிக்கொண்டிருந்தால், மண்சரிவு அபாயத்தைக் கவனிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அறிவியுங்கள். அப்படியொரு வெடிப்பின் மேல் சீலிங் போடுவதைப் பற்றி எண்ணவே வேண்டாம்.

இனிச் சீலிங்குக்கு வருகிறேன். பாஸ் சொன்னபடி எல்லாவற்றையும் பீமின் அடிமட்டத்துக்கு இறக்கினால், உங்கள் உயரம் ஏழரை அடிக்கும் கீழே போய்விடும். ஒரு பக்கம் மட்டுமே சாளரம் உள்ள கீழ்த்தளத்தில் அது தலைக்கு மேல் பெட்டி மூடியை வைத்ததைப் போல் இருக்கும். டைலைச் சற்றுச் சாய்த்துச் சட்டகத்துக்கு மேலே நுழைத்துப் பிறகு படுக்க வைக்க, சிலாப்புக்கும் சட்டகத்துக்கும் இடையே 4 அங்குலம், இருந்தால் 5 அங்குலம் போதும். அவ்வாறு செய்தால் பின்னறையில் ஏறக்குறைய 8 அடி உயரம் மிஞ்சுகிறது. முன்னறையில் பீமை மறைக்கவே வேண்டாம். அதன் இரு பக்கங்களையும் தனித்தனி அறைகளாகக் கருதி, பீமின் பக்கவாட்டிலேயே வோல் ஆங்கிளை (சட்டகத்தின் ஓரத்தைத் தாங்கும் ‘L’ வடிவ உலோகப் பட்டியை) அடித்து, இரண்டு சட்டகங்களாகப் போடுங்கள். பீமைப் பூசி வெள்ளையடித்துவிட்டால், அது வீட்டுக்கு உரியதாகவே தோன்றும். தாழ்வாக இறக்க வேண்டிய ஒரே இடம் குழாய் செல்லும் நடைதான், நடந்து கடந்து போகும் இடத்தில் உயரம் குறைந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை.

அந்தக் குழாய்களுக்காகவே நான் கழற்றக்கூடிய டைலைப் பரிந்துரைக்கிறேன். கழிவுக் குழாயின் துப்புரவு மூடி, மூட்டுகள், மின்கம்பிப் பெட்டிகள் ஆகிய அனைத்தும் என்றாவது ஒரு நாள் திறக்க வேண்டியவை. ஆணி அடித்து மூடிய சீலிங்கைத் திறப்பது என்றால் உடைப்பது என்றுதான் பொருள்.

பின்னறையின் கணக்கைச் சொல்கிறேன். கடையில் ‘டூ பை டூ’ என்று கொடுப்பது பெரும்பாலும் 595 மில்லிமீற்றர் டைல். அது 600 மில்லிமீற்றர் சட்டகத்துக்கு உரியது. சரியாக இரண்டு அடிக்கு, அதாவது 610 மில்லிமீற்றருக்கு உரிய சட்டகமும் உண்டு. இரண்டையும் கலந்து வாங்கிவிட்டால் டைல் கீழே விழும் அல்லது உள்ளே போகாது, ஆகவே சட்டகத்தையும் டைலையும் ஒரே கடையில் அளந்து பார்த்து வாங்குங்கள். உங்கள் நீளம் 4318 மில்லிமீற்றர். ஓரத்திலிருந்து தொடங்கினால் ஏழு முழு டைல் போக, மறுமுனையில் 118 மில்லிமீற்றர் கீற்று ஒன்று மிஞ்சும். அது பார்க்கவும் அசிங்கம், வெட்டவும் கடினம். மாறாக ஆறு முழு டைலை நடுவே வைத்தால் இரு ஓரங்களிலும் 359 மில்லிமீற்றர் வரும். அகலம் 3454 மில்லிமீற்றர். ஐந்து முழு டைல் வைத்தால் ஓரங்கள் 227 ஆகிப் பாதி டைலுக்கும் குறைந்துவிடும், நான்கு வைத்தால் 527 வரும், ஆகவே நான்கு. இப்படிப் பார்த்தால் நீளத்தில் எட்டு, அகலத்தில் ஆறு, மொத்தம் 48 இடங்கள். ஓரத் துண்டுகள் அனைத்தும் பாதிக்கு மேற்பட்டவை என்பதால் ஒரு டைலிலிருந்து ஒரு துண்டுதான் எடுக்க முடியும். வெறும் சதுர அடியை வகுத்துப் பார்த்தவர்கள் 40 அல்லது 41 என்று சொல்லி உங்களை நடுவேலையில் கடைக்கு ஓட வைப்பார்கள். 48 உடன் நான்கைந்து மேலதிகமாக எடுங்கள்.

மட்டம் பார்க்க லேசர் இல்லாவிட்டால், நீர் நிரப்பிய தெளிவான குழாய் போதும்; உள்ளே காற்றுக்குமிழ் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலைநாட்டு வீடுகளில் சிலாப்பும் தரையும் ஒன்றுக்கொன்று மட்டமாக இருப்பது அரிது, எனவே சிலாப்பிலிருந்து அளந்து கீழே குறிக்காமல், நீர்மட்டத்தையே நான்கு சுவர்களிலும் குறித்து, அதன்படி வோல் ஆங்கிளை அடியுங்கள். மெயின் டீக்கள் (சட்டகத்தின் ‘T’ வடிவ முதன்மைப் பட்டிகள்) 1200 மில்லிமீற்றர் இடைவெளியிலும், ஒவ்வொரு மெயின் டீயையும் தாங்கும் தொங்குகம்பிகள் 1200 மில்லிமீற்றருக்கு ஒன்றாகவும் இருக்க வேண்டும். நீளமான கிராஸ் டீக்கள் (குறுக்குப் பட்டிகள்) மெயின் டீக்களுக்கு இடையே 600 மில்லிமீற்றருக்கு ஒன்றாகப் பூட்டப்படும், அவற்றை இணைக்கும் குட்டை டீக்கள் சதுரங்களை உண்டாக்கும். கம்பியைச் சிலாப்பில் பதித்த நங்கூர ஆணியில்தான் கட்ட வேண்டும். கழிவுக் குழாயில் கட்டுவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன், அதைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து சட்டகம் சதுரமாக இருப்பதை உறுதிப்படுத்திய பின்னரே முதல் டைலை ஏற்ற வேண்டும். டைல்களை இரண்டு நாட்கள் முன்பாகவே அந்த அறையில் படுக்கையாக வைத்து, அறையின் ஈரத்துக்குப் பழக விடுவதும் நல்லது.

பழைய தட்டைச் சீட்டுகளை வெட்ட வேண்டாம். இந்நாட்டில் பழைய வீடுகளில் கழற்றப்படும் அத்தகைய சீட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம், அதன் தூசி நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் ஐயமில்லை. அரமோ டிரில்லோ படாமல், உடைக்காமல், நனைத்துப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். அகற்றும் முறையைப் பிரதேச சபையில் கேட்டறியுங்கள். பிள்ளைகள் படிக்கப்போகும் அறையில் அதற்கு இடமே இல்லை.

நுவரெலியா ஆசிரியை எழுதியது:

மேலே எழுதிய ஐயா சொன்னவற்றுள் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் பண்டாரவளையின் காற்றை வைத்து எங்கள் ஊர்க் குளிரை அளக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1800 மீற்றருக்கும் மேலே இருக்கும் எங்கள் நகரில், மண்ணோடு ஒட்டிய அறைகள் ஆண்டின் பெரும்பகுதி ஈரமாகவே இருக்கும். சாதாரண மினரல் ஃபைபர் (கனிம நார்) டைல் அந்த ஈரத்தை உறிஞ்சி, சில காலத்தில் நடுவே தொய்ந்து கிண்ணம் போலாகிவிடுவதை நான் அறிந்த வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஈரம் பட்ட இடத்தில் மஞ்சள் கறையும் படியும், அதைத் துடைக்கவும் முடியாது. பி.வி.சி. பட்டியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நீரால் கெடாது, பூஞ்சணம் படிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம், எடையும் குறைவு, சிலாப்போடு நெருக்கமாக அடிக்கலாம் என்பதால் உயரமும் அதிகம் குறையாது. டிக்கோயாவும் ஈரத்தில் எங்களுக்குச் சளைத்த ஊர் அல்ல.

வகுப்பறை என்பதால் மற்றொன்றையும் கவனியுங்கள். வெற்றுச் சிலாப்பும் வெற்றுச் சுவர்களும் சேர்ந்தால், பத்துப் பிள்ளைகள் பேசுவது முப்பது பேர் பேசுவதைப் போல் ஒலிக்கும். இந்த ஒன்றில் மட்டும் மினரல் ஃபைபர் டைல் பி.வி.சி.யை விட மேலானது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும், அது அறைக்குள் எழும் ஒலியை உறிஞ்சும்.

பண்டாரவளை சீலிங் வேலையாள் எழுதியது:

அக்கா சொன்னது நியாயமான மறுப்பு. தொய்வதும் உண்மை. ஆனால் அது எல்லா மினரல் ஃபைபர் டைலுக்கும் பொருந்தாது. பெட்டியின் மேல் எவ்வளவு ஈரப்பதம் வரை தாங்கும் என்று நூற்றுவீதத்தில் அச்சிட்டிருப்பார்கள், அது 95 அல்லது அதற்கு மேல் இருப்பதை மட்டும் வாங்குங்கள். அந்த விவரம் இல்லாத பெட்டியைக் கீழ்த்தளத்துக்கு எடுக்க வேண்டாம்.

பி.வி.சி.யா, டைலா என்பதையும் எதிரெதிராக வைக்கத் தேவையில்லை. 595 அளவிலேயே பி.வி.சி. ஒட்டிய ஜிப்சம் டைலும், கல்சியம் சிலிக்கேட் டைலும் கிடைக்கின்றன. ஜிப்சம் டைல் கனமானது, ஆகவே கம்பிகளில் கஞ்சத்தனம் கூடாது. அதன் வெட்டிய ஓரத்தில் பூச்சு இல்லாததால், ஈரச் சுவரைத் தொடாமல் வைக்க வேண்டும். என் கருத்து இதுதான்: பின்னறைக்கு ஈரம் தாங்கும் மினரல் ஃபைபர், நடைக்குப் பி.வி.சி. ஒட்டிய டைல். முன்னறையில் வாகனத் தளத்துக்குக் கீழே இருக்கும் பகுதியை ஒரு மழைக்காலம் முடியும் வரை மூடாமல் விடுங்கள். பி.வி.சி. பட்டி ஓரிடத்தில் கசிவு ஏற்பட்டால் அதைத் தாங்கிப் பிடித்து, பட்டியின் உள்ளேயே ஓட விட்டு, அறையின் மறுகோடியில் சொட்ட வைக்கும். நோய் ஓரிடம், வலி ஓரிடம் என்பதாகிவிடும். டைலில் கறை விழுந்தால், அதற்கு நேர் மேலேதான் பார்க்க வேண்டியிருக்கும். அந்தக் கறையை அக்கா குறையாகச் சொல்கிறார், நான் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறேன்.

விலை குறைவு என்று ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) டைலைப் பசை தடவி ஒட்டச் சொல்பவர்களும் உண்டு. தீப்பட்டால் அது உருகி எரிந்துகொண்டே தலையில் சொட்டும். வெளியேற ஒரே வாசல் உள்ள அறைக்கு அது கூடவே கூடாது.

கொட்டகலை மின்பணியாளர் எழுதியது:

துளையிடத் தொடங்குமுன் ஒரு வார்த்தை. கீழ்த்தளத்து விளக்குகளுக்கான மின்குழாய்கள் பெரும்பாலும் சிலாப்புக்குள்ளேயே, விளக்குப் பெட்டியிலிருந்து சுவரின் சுவிட்சுக்கு நேர்கோட்டில் ஓடும். அந்தக் கோட்டைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, அதன் இரு பக்கத்திலும் துளையிடுவதைத் தவிருங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் டிரில் இயங்காதே என்பார்கள். அந்த அறையின் இணைப்பை மட்டும் அணைத்து, வேறு இணைப்பிலிருந்து நீண்ட கம்பி எடுங்கள். ட்ரிப் சுவிட்ச் (மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிப்பது) வேலை செய்கிறதா என்பதை அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி முன்பே பார்த்துவிடுங்கள்.

600 அளவுள்ள எல்.ஈ.டி. பலகை விளக்குகள் ஒரு டைலின் இடத்தில் அப்படியே உட்காரும் என்றாலும், அவற்றின் எடையைச் சட்டகத்தின் மீது விடாமல், சிலாப்பிலிருந்து தனிக்கம்பிகளால் தாங்க வேண்டும். மூட்டுகளை டேப் சுற்றிச் சீலிங்குக்கு மேலே போட்டுவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. மேலே எலி நடமாடும் என்பதை எண்ணிப் பார்த்து, ஒவ்வொரு மூட்டையும் மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள். குழாய்கள் சுவரைத் துளைத்து வெளியே செல்லும் இடங்களைச் சீமெந்துச் சாந்தால் அடைத்துவிட்டால் எலியே வராது.

டிக்கோயாவாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னவாறே முன்னறையில் வாகனத் தளத்தின் கீழ்ப் பகுதியைத் திறந்தே விட்டு, பின்னறையையும் நடையையும் முதலில் முடிக்க முடிவு செய்துள்ளோம். பழைய சீட்டுகளைத் தொடவில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள்: மூடுவதற்கு முன் சிலாப்புக்கு ஏதாவது பூச வேண்டுமா? மண் சுவருக்கு (மண்ணோடு ஒட்டிய பின்சுவருக்கு) அருகே சீலிங்குக்கு மேலே காற்றோட்டம் தேவையா? மேல்வீட்டில் நடக்கும் காலடி ஓசை கீழே கேட்பதும் இந்த டைலால் குறையுமா என்று மனைவி கேட்கிறார்.

பண்டாரவளை சீலிங் வேலையாள் எழுதியது:

பூஞ்சணம் இருந்தால் முகமூடி அணிந்து, ஈரமாக்கித் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய விடுங்கள். பிறகு சாதாரண வெள்ளை பூசினால் போதும். கம்பி வலைபோல் நீர் பரவினாலும் வெள்ளையில் பளிச்சென்று தெரியும், டைலைத் தூக்கி டார்ச் அடித்தாலே இடத்தைக் கண்டுகொள்ளலாம். காற்றோட்டம் கட்டாயம் தேவை. மண்சுவரை ஒட்டிய வரிசையில் ஒரு டைலுக்குப் பதிலாகத் துளைத்தட்டு ஒன்றும், அதற்கு மூலைவிட்டமாக நடையின் பக்கம் மற்றொன்றும் வைத்தால், மேலே தேங்கும் காற்று நகரும். மண்சுவரில் அடிக்கும் ஆங்கிளும் திருகாணிகளும் நாகம் (துத்தநாகம்) பூசியவையாகவோ அலுமினியமாகவோ இருக்கட்டும். அச்சுவரில் உப்புப் பூத்து உதிரும் சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, கல் வரை ஆழமாக ரோல் பிளக் (திருகாணியைப் பிடிக்கும் செருகி) அடியுங்கள்.

காலடி ஓசை சிலாப்பின் வழியாகவே இறங்குவதால், டைல் அதைச் சிறிதளவே குறைக்கும். மேல்வீட்டுத் தரையில் தடித்த விரிப்புப் போடுவது அதைவிடப் பயன் தரும் என்று மனைவியிடம் சொல்லுங்கள். மேலதிகமாக வாங்கும் டைல்களை அதே பெட்டி இலக்கத்தில் எடுத்து, மேல்வீட்டில் உலர்ந்த இடத்தில் படுக்கையாக வையுங்கள். பின்னாளில் வேறு பெட்டியில் வாங்கும் வெள்ளை இந்த வெள்ளையோடு சேராது.